நான்காம் எண்ணில் மட்டும் சுற்றும் ப்ளோயர்

டேஷ்போர்டில் இருக்கும் ஃபேன் குமிழை 1-இல் வைக்கிறீர்கள், காற்று இல்லை. 2-இலும் இல்லை, 3-இலும் இல்லை. 4-க்குத் திருப்பியதும் பெரும் இரைச்சலோடு காற்று அடிக்கிறது. இந்தப் பழுதோடு மாதக்கணக்கில் வண்டி ஓட்டுபவர்கள் நிறையப் பேர். "காற்றுதான் வருகிறதே, குளிர்ந்தால் அணைத்துக்கொள்ளலாம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் விடியற்காலையில் ஹீட்டர் போடும்போதுதான் சிரமம் புரியும். இதமான சூடு கேட்டால் அனல் முகத்தில் அறையும். அணைத்தால் முன்கண்ணாடியில் மூட்டம் படிந்து சாலை மறையும்.

ஹீட்டருக்கென்று தனி ஃபேன் கிடையாது. ஏசி, ஹீட்டர், கண்ணாடி மூட்டம் நீக்குவது ஆகிய மூன்றுக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே ப்ளோயர்தான். ஆகவே இங்கே சொல்லப்போகும் சோதனைகள் சென்னையின் ஏசிக்கும் குன்னூரின் ஹீட்டருக்கும் பொது.

பெரும்பாலும் இந்தப் பழுதுக்குக் காரணம் ரெசிஸ்டர் என்ற சிறிய உதிரிபாகம். விலை அதிகமில்லை, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையில் வந்துவிடும். ஆனால் ரெசிஸ்டர் பொதுவாகத் தானாகச் சாவதில்லை, வேறு ஏதோ ஒன்று அதைச் சாகடிக்கிறது. அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்காமல் புது ரெசிஸ்டரை மட்டும் மாட்டினால் சில மாதங்களில் அதுவும் போகும். மாற்றுவது பாதி வேலை. எதனால் எரிந்தது என்று பார்ப்பது மீதிப் பாதி.

வேகம் எப்படிக் குறைகிறது?

ப்ளோயர் என்பது 12 வோல்ட் மோட்டாரும் அதன் தண்டில் மாட்டிய உருளை வடிவ விசிறியும் சேர்ந்தது. முழு மின்னழுத்தம் கிடைத்தால் முழு வேகம். குறைவாகக் கிடைத்தால் குறைந்த வேகம். கையால் இயக்கும் ஏசி உள்ள கார்களில் மின்னழுத்தத்தைக் குறைப்பது ரெசிஸ்டர். அதில் மூன்று தடைகள் வரிசையாக இணைந்திருக்கும். 1-இல் வைத்தால் மின்சாரம் மூன்றையும் கடந்து போகும். 2-இல் இரண்டு, 3-இல் ஒன்று. 4-இல் ரெசிஸ்டரையே தொடாமல் நேராகப் போகும். ரெசிஸ்டர் முழுவதுமாகச் செத்தாலும் 4 மட்டும் வேலை செய்வது இதனால்தான்.

குறைக்கப்பட்ட மின்சாரம் எங்கும் மறைந்துவிடாது, சூடாக மாறும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் கிடைக்கிறது. 1-ஆம் வேகத்தில் ரெசிஸ்டரின் மொத்தத் தடை 2 ஓம், ஓடும் மின்சாரம் 4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டரில் 8 வோல்ட் விழும். மோட்டாருக்கு 6 வோல்ட் போகும். 8-ஐ 4-ஆல் பெருக்கினால் 32 வாட். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னப் பொருள், கடையில் விற்கும் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அதிகச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் ரெசிஸ்டரை ப்ளோயர் தள்ளும் காற்றின் பாதையிலேயே பொருத்துகிறார்கள். ஓடும் காற்று அதைக் குளிர்விக்கும். காற்று குறைந்தாலோ மின்சாரம் கூடினாலோ சூடு எல்லை மீறும். அப்போது பற்றி எரியாமல் இருக்க அதில் ஒரு வெப்ப ஃப்யூஸ் வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால் அது அறுந்துவிடும். ஒருமுறை அறுந்தால் மறுபடி சேராது. 1, 2, 3 மூன்றும் ஒரே நாளில் போவதற்கு முதல் காரணம் இந்த வெப்ப ஃப்யூஸ்தான்.

அறிகுறியைப் படியுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் இக்னிஷனை ஆன் செய்து, குமிழை ஒவ்வொரு எண்ணிலும் சில நொடிகள் நிறுத்திப் பாருங்கள். என்ன நடக்கிறது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

- 4 மட்டும் ஓடுகிறது: ரெசிஸ்டர், அல்லது ரெசிஸ்டருக்கு வரும் கப்ளர்.
- 4 மட்டும் ஓடவில்லை, மற்றவை ஓடுகின்றன: சுவிட்சில் 4-க்கான காண்டாக்ட் எரிந்திருக்கும், அந்த ஒயர் அறுந்திருக்கும்; 4-க்குத் தனி ரிலே உள்ள கார்களில் அந்த ரிலே போயிருக்கும்.
- நடுவில் ஒரு வேகம் மட்டும் இல்லை: சுவிட்சின் அந்தக் காண்டாக்ட் அல்லது அந்த ஒயர்.
- 1 மட்டும் இல்லை, அல்லது 1-உம் 2-உம் இல்லை: ரெசிஸ்டரின் ஒரு தடைக்கம்பி அறுந்திருக்கலாம்.
- எதுவுமே ஓடவில்லை: முதலில் ஃப்யூஸ், பிறகு ரிலே, மோட்டார், எர்த்.
- எல்லா வேகத்திலும் ஓடுகிறது, ஆனால் காற்று சோர்வாக வருகிறது: கேபின் ஃபில்டர் அடைப்பு அல்லது மோட்டார் தேய்மானம்.
- ஆஃப் செய்தாலும் முழு வேகத்தில் ஓடுகிறது: ஆட்டோ கிளைமேட் கார்களில் வரும் பழுது. இதைக் கடைசியில் பார்ப்போம்.

4-இல் வைக்கும்போது மோட்டார் கிறீச்சிடுகிறதா, எதிலோ உரசுகிறதா என்பதையும் கவனியுங்கள். பின்னால் இந்தக் குறிப்பு உதவும்.

தேவையானவை

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று குட்டையாக, ஒன்று நீளமாக, 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், டார்ச், ஓம் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், பெயிண்ட் பிரஷ். இவை போதும்.

இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். மியூசிக் சிஸ்டத்துக்கு ரகசிய எண் உண்டென்றால் அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஏர்பேக் உள்ள கார்களில் அதன் கப்ளர்கள் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம். ப்ளோயர் சற்று முன்புதான் ஓடியிருந்தால் கால்மணி நேரம் பொறுங்கள். ரெசிஸ்டர் கை சுடும்.

ரெசிஸ்டரைக் கழற்றுதல்

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் ப்ளோயர் இடப்பக்க டேஷ்போர்டுக்குள், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பல கார்களில் க்ளவ் பாக்ஸைத் திறந்து, இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்பிலிருந்து விடுபட்டுக் கீழே இறங்கும். சிலவற்றில் ஸ்க்ரூ கழற்ற வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் கருப்பு பிளாஸ்டிக் கூட்டின் அடியில் மோட்டாரின் வட்ட மூடி தெரியும். மோட்டாருக்கு இரண்டு ஒயர் போகும். அதற்குப் பக்கத்தில் நான்கைந்து ஒயர்களோடு ஒரு கப்ளர் அதே கூட்டுக்குள் செருகியிருந்தால், அதுதான் ரெசிஸ்டர்.

கப்ளரின் பூட்டை விரலால் அழுத்தி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வராமல் அடம்பிடித்தால் உள்ளே உருகி ஒட்டியிருக்கலாம். மெதுவாக அசைத்து எடுங்கள். பிறகு இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ரெசிஸ்டர் வெளியே வரும்.

கண்ணால் பார்ப்பது

ரெசிஸ்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பழைய வகையில் ஸ்பிரிங் போலச் சுருட்டிய கம்பிகள் வெளியே தெரியும். புதிய வகையில் பீங்கான் தகட்டின் மீது தடைகள் கோடாகப் படிந்திருக்கும். கம்பி நீலம் பாரித்து நடுவில் அறுந்திருக்கிறதா? தகட்டில் கருகிய வடு இருக்கிறதா? இலைத்துணுக்கும் தூசும் கம்பியில் சுற்றிக் கருகி ஒட்டியிருக்கின்றனவா? இவை ஒவ்வொன்றும் சாட்சி. துடைத்துவிடாமல் முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கப்ளர். இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். ஒரு துளையின் ஓரம் மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் கொப்புளித்து, உள்ளேயிருக்கும் பித்தளை பளபளப்பு இழந்து கறுத்திருந்தால், அந்த இடத்தில் இணைப்பு தளர்ந்து நெடுநாளாகச் சூடேறியிருக்கிறது என்று பொருள். அந்த ஒயரை வளைத்துப் பாருங்கள். காய்ந்த குச்சிபோல விறைத்திருக்கும். இப்படிப்பட்ட கப்ளரில் புது ரெசிஸ்டரைச் செருகினால், தளர்ந்த இணைப்பின் சூடு புதியதன் காலையும் கருக்கிவிடும். கப்ளரையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டும்.

மீட்டரால் அளப்பது

மீட்டரை மிகக் குறைந்த ஓம் அளவில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, காட்டும் எண்ணைக் குறியுங்கள். சாதாரண மீட்டரில் 0.2, 0.3 என்று காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை. அளக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ரெசிஸ்டரின் கால்களை இரண்டிரண்டாக எல்லாச் சேர்க்கைகளிலும் அளந்து எழுதுங்கள். நல்ல ரெசிஸ்டரில் எல்லாமே சிறிய எண்களாக இருக்கும். கார் மாடலைப் பொறுத்து மாறினாலும், பொதுவாக முழுத்தடை 2, 3 ஓம் அளவில்தான் இருக்கும். நடுவில் உள்ளவை 1 ஓம், அரை ஓம் என்று இறங்கும். ஒரு காலுக்கும் மற்ற எல்லாக் கால்களுக்கும் இடையே தொடர்பே இல்லை என்று மீட்டர் காட்டி, மற்றவை தமக்குள் சரியாகக் காட்டினால், அந்தத் தனித்த காலோடு சேர்ந்த வெப்ப ஃப்யூஸ் அறுந்திருக்கிறது. ஃப்யூஸின் இரு முனைகளையும் நேரடியாகத் தொட்டு அளந்து உறுதி செய்யுங்கள்.

ரெசிஸ்டர் நன்றாக இருந்தால்

அடுத்து சந்தேகப்பட வேண்டியது ஃபேன் சுவிட்ச். மாருதி, ஹோண்டா, டொயோட்டா போன்ற பல கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அதாவது மோட்டாருக்கு பாசிட்டிவ் எப்போதும் வந்து நிற்கும். சுவிட்ச் எந்த வழியாக எர்த் கொடுக்கிறதோ அந்த வேகத்தில் ஓடும். வேறு சில கார்களில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும். உங்கள் காரில் எது என்று ஒயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த் பக்க வகையென்றால் சோதனை எளிது. பேட்டரி ஒயர் கழன்றே இருக்கட்டும். கழற்றிய ரெசிஸ்டர் கப்ளரில், சுவிட்சிலிருந்து வரும் ஒயர் ஒவ்வொன்றுக்கும் காரின் இரும்புப் பகுதிக்கும் இடையே ஓம் பாருங்கள். குமிழை அதற்குரிய எண்ணில் வைக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சுவிட்ச் அல்லது இடையில் உள்ள ஒயர். குமிழை லேசாக அசைக்கும்போது எண் வந்து வந்து போனால் சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சில நாள் ஓடும், நிலைக்காது. சுவிட்சை மாற்றுவதே சரி.

எரியவைத்தது எது?

இந்த அத்தியாயத்தில் மிகவும் முக்கியமான பகுதி இதுதான். ரெசிஸ்டர் எரிந்ததற்கு நான்கு காரணங்களைத் தேடுங்கள்.

முதலாவது, கேபின் ஃபில்டர். பல கார்களில் இதுவும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. தூசால் அடைத்துப் போன ஃபில்டர் மோட்டாரின் சுமையைக் கூட்டுவதில்லை. ஆனால் ரெசிஸ்டரைக் குளிர்விக்கும் காற்றை வெட்டிவிடுகிறது. ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, குப்பை. வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே வருகிறது. வேப்ப மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இலையும் பூவும் அந்த வழியாக இறங்குகின்றன. ஃபில்டர் இல்லாத கார்களில் அவை நேரே விசிறிக்குள் போய்ச் சேரும். எலி கூடுகட்டியிருப்பதும் உண்டு. அப்படியானால் ஒயர்களையும் கடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மோட்டாரின் ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கீழே இறக்கி, பிரஷால் விசிறியின் இதழ்களுக்கு இடையே துடையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுக்கு தங்கினால் விசிறி சமநிலை இழந்து அதிரும், பேரிங் தேயும்.

மூன்றாவது, மோட்டார். விசிறியை விரலால் சுண்டிவிடுங்கள். சத்தமின்றிச் சில சுற்று ஓடி நிற்க வேண்டும். உடனே நின்றாலோ உரசினாலோ பேரிங் காய்ந்திருக்கிறது. இறுகிய மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். சூடு கூடும் அதே நேரத்தில் குளிர்விக்கும் காற்றும் குறையும். ரெசிஸ்டருக்கு இரண்டு பக்கமும் அடி. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால், 4-இல் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ப்ளோயர் ஃப்யூஸில் எழுதியிருக்கும் எண்ணை அது நெருங்கினால் மோட்டாரை மாற்றும் காலம் வந்துவிட்டது. சாதாரண மல்டிமீட்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பெரும்பாலானவை 10 ஆம்பியருக்கு மேல் தாங்கா.

நான்காவது, தண்ணீர். வைப்பருக்குக் கீழே வடிகால் அடைத்தால் மழைத்தண்ணீர் ப்ளோயர் கூட்டுக்குள் ஒழுகும். ரெசிஸ்டரின் கால்களில் பச்சைப் பூப்பு, இடப்பக்கக் கால்மிதியில் ஈரம், மோட்டார் தண்டில் துரு ஆகியவை இதற்கு அடையாளம். வடிகாலைச் சுத்தம் செய்யாமல் புது பார்ட் மாட்டுவதில் அர்த்தமில்லை.

"டைரக்ட்" கொடுக்க விடாதீர்கள்

பட்டறையில் சிலர், "ஃப்யூஸ்தான் சார் போயிருக்கு, ஒரு ஒயரைப் போட்டு டைரக்ட் கொடுத்துடறேன், புதுசு வாங்க வேணாம்" என்பார்கள். செலவை மிச்சப்படுத்தித் தரும் நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். "வேண்டாம்ணே, புது ரெசிஸ்டரே போட்டுடுங்க" என்று உறுதியாகச் சொல்லுங்கள். வெப்ப ஃப்யூஸ் இல்லாத ரெசிஸ்டர் சூடேறினால் தடுக்க எதுவும் இல்லை. அதைச் சுற்றி இருப்பது முழுக்க பிளாஸ்டிக். அதற்கு விசிறி காற்றும் ஊட்டுகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஸாஃபிரா பி கார்கள் பல, ஹீட்டர் பகுதியிலிருந்து தீப்பிடித்து எரிந்தன. 2015-இல் நிறுவனம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. ரெசிஸ்டரின் வெப்ப ஃப்யூஸை முறையின்றிப் பழுதுபார்த்ததே காரணம் என்று அப்போது சொன்னது. அதற்குப் பிறகும் தீவிபத்துகள் நிற்காததால் 2016-இல் இரண்டாம் முறை அழைத்தது. இந்த முறை கவனம் மோட்டாரின் மீது திரும்பியது: ஈரம் புகுந்து துருப்பிடித்த மோட்டார். ரெசிஸ்டரை மட்டும் பார்த்துவிட்டு நிற்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

வெப்ப ஃப்யூஸை மட்டும் வாங்கி சால்டர் செய்வதும் நல்லதல்ல. சால்டரிங் சூடே அதை அறுத்துவிடக்கூடும். சூட்டளவு மாறினால் காவலும் போய்விடும். ரெசிஸ்டரின் விலை ப்ளோயர் மோட்டாரின் விலையில் சிறு பங்குதான். முழுதாக மாற்றிவிடுங்கள்.

புதியதை மாட்டுதல்

பழைய ரெசிஸ்டரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் கால்களின் அமைப்பு மாறும். கால்களின் எண்ணிக்கை, கப்ளரின் வடிவம், பார்ட் எண் மூன்றும் பொருந்த வேண்டும். கடையிலேயே வெப்ப ஃப்யூஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கப்ளர் உருகியிருந்தால், ஒயரோடு வரும் மாற்றுக் கப்ளர் கிடைக்கும். ஒயரின் தடிமன் பழையதைவிடக் குறையக் கூடாது. விறைத்துப்போன பகுதியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, ஒவ்வொரு ஒயராக, நிறம் மாறாமல் இணையுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது போதாது; கிரிம்ப் செய்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட வேண்டும். இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் ஏற்ற இறக்கமாக வெட்டினால் கட்டு தடிக்காது.

ஆட்டோ கிளைமேட் கார்கள்

வெப்பநிலையை எண்ணில் வைக்கும் கார்களில் ரெசிஸ்டருக்குப் பதிலாக மின்னணு பவர் மாட்யூல் இருக்கும். அலுமினியத் தகடுகளோடு அதே காற்றுப் பாதையில் உட்கார்ந்திருக்கும். அது ஷார்ட் ஆனால் ப்ளோயர் முழு வேகத்தில் மட்டும் ஓடும்; சில கார்களில் ஆஃப் செய்தாலும் நிற்காது. அப்படியானால் ப்ளோயர் ஃப்யூஸை எடுத்துவிட்டு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் பேட்டரி வடிந்துவிடும். மாட்யூலை ஓம் அளந்து தீர்மானிக்க முடியாது. ஆனால் ஃபில்டர், குப்பை, மோட்டார், தண்ணீர் என்ற நான்கு விசாரணைகளும் இதற்கும் அப்படியே பொருந்தும்.

வேலை முடிந்தபின்

பேட்டரியை இணைத்து நான்கு வேகங்களையும் சோதியுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, 1-இல் பத்து நிமிடம், 3-இல் பத்து நிமிடம் ப்ளோயரை ஓட்டுங்கள். அணைத்துவிட்டு, கப்ளரின் ஒயர்களை வெளிப்புறமாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் கருகும் வாசனை துளியும் வரக் கூடாது. இரண்டில் எது இருந்தாலும் க்ளவ் பாக்ஸை மூடாதீர்கள்; மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளக்கும்வரை வேலை முடியவில்லை.

எல்லாம் சரியென்றால் க்ளவ் பாக்ஸை மாட்டி, ரெசிஸ்டர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். பக்கத்திலேயே எரிந்ததற்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரியை நிரப்ப முடியவில்லை என்றால், நான்கு காரணங்களில் ஏதோ ஒன்றை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.